காபூலுக்குப் போகாத வெளியுறவு அமைச்சர்

எங்கள் அப்பத்தா கடலைப் பார்த்ததில்லை. டி. கல்லுப்பட்டியிலிருந்து அவர் போன அதிகபட்ச தூரம் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை. ஆனாலும் நாளைக்கு ஒருமுறையாவது அவர் பேச்சில் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் வந்துபோகும். வட்டிக்குக் கொடுக்கிற ஆள் தெருவில் தலைகாட்டினால், "அவன் எம்டன்டா, ஒன்னையவே வித்துட்டு ஒங்கிட்டயே கமிசன் கேப்பான்" என்பார். தும்பை அறுத்துக்கொண்டு பருத்திக் காட்டுக்குள் இறங்கிய கன்றுக்குட்டி எம்டன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட நானும் எம்டன். தந்திரமும் துணிச்சலும் ஒரு சொட்டு அயோக்கியத்தனமும் கலந்த ஒரு பிறவிக்கு அந்தப் பெயர். திட்டும்போதே உள்ளுக்குள் ஒரு மெச்சல் இருக்கும் அதில்.

அது ஒரு கப்பலின் பெயர் என்பது தமிழ் எம்.ஏ. படிக்கும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடற்கரைக்கு வெளியே வந்து நின்ற எம்டன், அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை எறிந்துவிட்டு இருட்டில் மறைந்தது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. சிலர் செத்தார்கள். செத்தவர்களைவிடப் பயந்தவர்கள் பல்லாயிரம். மூட்டை முடிச்சோடு ரயிலேறிய அந்தப் பயம்தான் கரிசல் காட்டு அப்பத்தா வாய்வரைக்கும் வந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரனையே ஒருவன் இப்படி ஏய்க்க முடியுமா என்ற வியப்பும் அதே ரயிலில்தான் வந்தது. 2006-இல் ஒரு சினிமாவுக்கு 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் தலைப்பு வைத்தால் வரிவிலக்கு என்ற அரசாணைக்காக அது 'எம் மகன்' ஆனது. தொண்ணூறு வருஷம் தமிழ்ப் பாட்டிகள் நாக்கில் புரண்ட ஒரு சொல் தமிழில்லை என்று ஒரு கோப்பு முடிவுசெய்தது. அது வேறு கதை, விட்டுவிடுவோம்.

இந்தக் கப்பலோடு நம் ஊர்ப் பிரசுரங்களும் மேடைப் பேச்சுகளும் ஒரு மனிதரை ஏற்றிவைத்திருக்கின்றன. செண்பகராமன் பிள்ளை. எம்டனில் இரண்டாம் நிலை அதிகாரியாக வந்து சென்னையில் குண்டுபோட்ட தமிழன் என்பது அவரைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த ஒரே செய்தி. நான் எழுத வந்தது அந்த மனிதரின் இன்னொரு பதவியைப் பற்றி. 1915 டிசம்பர் 1 அன்று காபூலில் அறிவிக்கப்பட்ட இந்தியத் தற்காலிக அரசாங்கத்தின் வெளியுறவு அமைச்சர் அவர்தான். சுதந்திர இந்தியா என்ற ஒன்றுக்கு முதன்முதலாக வெளியுறவு அமைச்சர் என்று பெயரிடப்பட்ட ஆள் ஒரு தமிழன். அதை எவரும் சட்டை செய்யவில்லை. நமக்குக் குண்டு போதுமாயிருக்கிறது.

குண்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். எம்டன் அப்போது ஜெர்மனி வசமிருந்த சீனத் துறைமுகமான சிங்தாவிலிருந்து 1914 ஜூலை கடைசியில் கிளம்பிய கப்பல். அது ஐரோப்பாவுக்குத் திரும்பவேயில்லை; நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டுக் கரைதட்டியது. செண்பகராமன் அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் இருந்தது ஸ்விட்சர்லாந்தில். இதைச் சொல்வது அவருடைய பக்தர்கள் இல்லை, எதிரிகள். 1918-இல் வெளியான ராஜத்துரோகக் கமிட்டி அறிக்கை, நாம் ரௌலட் அறிக்கை என்கிறோமே அதுதான், செண்பகராமன் பிள்ளை என்ற தமிழ் இளைஞர் சூரிச்சில் சர்வதேச இந்திய ஆதரவுக் குழு ஒன்றின் தலைவராக இருந்ததையும், 1914 செப்டம்பரில் அங்கிருந்த ஜெர்மன் தூதரை அணுகி ஜெர்மனியில் பிரிட்டிஷ் எதிர்ப்புப் பிரசுரங்கள் வெளியிட அனுமதி கேட்டதையும், அக்டோபரில் பெர்லின் போய் ஜெர்மன் வெளியுறவு அலுவலகத்தின் கீழ் வேலைசெய்யத் தொடங்கியதையும் வரிசையாகச் சொல்கிறது. சூரிச்சில் மனு எழுதிக்கொண்டிருந்தவர் வங்கக் கடலில் பீரங்கி பிடித்திருக்க முடியாது.

இதை எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு தோழரிடம் சொன்னேன். இடதுசாரி அமைப்பில் முப்பது வருஷமாக இருப்பவர், படிப்பாளி. அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப அண்ணன் எம்டன்ல வரலையா? அப்பறம் எதுக்குத் தம்பி அவரப் பத்தி எழுதுற?" அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. பீரங்கி பிடிக்காத, கப்பலில் வராத, தான் அமைச்சராயிருந்த தலைநகரத்தில் கால்வைக்காத ஒருவரை வரலாறு என்ற பெயரில் நாம் எதற்காகப் பேச வேண்டும்?

1891 செப்டம்பர் 15-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். நாஞ்சில் நாட்டு வேர் கொண்ட தமிழ் வேளாளக் குடும்பம். தகப்பனார் சின்னசாமிப் பிள்ளை, தாயார் நாகம்மாள். 'செண்பகராமன்' என்பதே வேணாட்டு அரசர்கள் பெரிய மனிதர்களுக்குக் கொடுத்துவந்த பட்டம். பட்டமே பெயரான பிள்ளை. பிறந்த திருவிதாங்கூரோ சமஸ்தானம். அதன் குடிகள் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள் இல்லை, பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர்கள், அவ்வளவே. பின்னாளில் 'இந்தியா'வின் சார்பில் உலகத்தோடு பேசவேண்டிய பதவிக்கு வந்தவர் பிறப்பிலேயே அந்த இந்தியாவின் வரைபடத்தில் பாதி வெளியே நின்றவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேசம் என்பதை அவர் ஊரில் இருந்துகொண்டு கற்பனை செய்யவில்லை. கப்பலேறிய பிறகுதான் செய்தார்.

கப்பலேற்றியவர் ஒரு வெள்ளைக்காரர். வால்டர் ஸ்ட்ரிக்லண்ட். பிரிட்டிஷ் பிரபு பட்டம் உள்ள குடும்பம், தாவரங்களில் நாட்டம், செக் மொழியிலிருந்து மொழிபெயர்ப்பு, பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின்மேல் தீராத கசப்பு. எல்லாம் சேர்ந்த விசித்திரப் பிறவி. 1923-இல் செக்கோஸ்லோவாக்கியக் குடியுரிமையே வாங்கிக்கொண்டார். 1908-இல் இவர் திருவனந்தபுரத்துப் பையன்கள் இரண்டு பேரை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போகக் கிளம்பினார். ஒருவன் பத்மநாபப் பிள்ளை. கொழும்பிலேயே மனம் மாறித் திரும்பிவிட்டான். மற்றவன் போனவன் போனவன்தான். நம்முடைய வாழ்க்கை வரலாற்று நூல்கள் ஸ்ட்ரிக்லண்டை ஜெர்மன் ஒற்றராகவே ஆக்கிவிடுகின்றன. ஒரு ஆங்கிலேயன் தன் சாம்ராஜ்யத்தையே வெறுக்கலாம் என்பது தேசபக்திக் கதையாடலுக்குள் அடங்காத சங்கதி. அதனால் அவனை எதிரிநாட்டு ஆளாக்கினால்தான் கதை நேராகும்.

ஆஸ்திரியாவில் பள்ளிப்படிப்பு, பிறகு சூரிச்சில் பொறியியல். அதே காலத்தில் இன்னொரு தமிழ்ப் பையன் லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துக்கொண்டிருந்தான். செண்பகராமனைவிட நாலு மாதம் இளையவன், 1892 ஜனவரி 4-இல் தஞ்சாவூரில் பிறந்தவன். ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்று பெயர். பிற்பாடு ஜே.சி. குமரப்பாவாகி, கடைசிக் காலத்தை எங்கள் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து 1960 ஜனவரி 30-இல் காலமான அதே குமரப்பா. எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு வெளிநாடு போய்வந்த பெரிய மனிதர் என்றால் அவர்தான். குண்டு விழுந்த லண்டனில் பேரேடு பார்த்துக்கொண்டிருந்தவர் 1919-இல் ஊர் திரும்பினார். பத்து வருஷம் கழித்து காந்தியைப் பார்த்ததும் கோட்டைக் கழற்றினார். இருவரையும் நான் ஒப்பிட வரவில்லை. ஒரே தலைமுறைக்கு ஐரோப்பா இரண்டு வாசல்களைத் திறந்துவைத்திருந்தது என்பதைச் சொல்லவந்தேன். ஒன்று கணக்குப் படித்துக்கொண்டு திரும்பும் வாசல். மற்றது திரும்ப முடியாத வாசல்.

பெர்லினில் கூடிய கூட்டம் சாதாரணமானதல்ல. சரோஜினி நாயுடுவின் அண்ணன்தம்பிகளில் ஒருவரான வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா, விவேகானந்தரின் தம்பி பூபேந்திரநாத் தத்தர், தாரக்நாத் தாஸ், பர்கத்துல்லா, ஹர்தயாள். இந்திய சுதந்திரக் கமிட்டி என்று பெயர். பணம் ஜெர்மனியுடையது. மேலே கீழைநாட்டுத் தகவல் பிரிவு என்ற ஓர் உளவு, பிரச்சார அலுவலகம். அதை உருவாக்கியவர் மாக்ஸ் ஃபொன் ஓப்பன்ஹைம் என்ற தொல்லியல் அறிஞர். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து முஸ்லிம்களை ஜிகாத் என்ற சொல்லால் கிளப்பிவிட்டால் போரை ஜெயித்துவிடலாம் என்று நம்பிய மனிதர். பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃபில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளிலிருந்து பிடிபட்ட இந்திய, ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்காக 'பிறைநிலா முகாம்' ஒன்றைக் கட்டினார்கள். 1915-இல் அங்கே ஒரு மசூதியும் எழுந்தது. கைதிகளுக்கு 'ஹிந்துஸ்தான்' என்று பத்திரிகை அச்சடித்தார்கள். ஒலித்தட்டுக் கருவியோடு மொழியறிஞர்கள் வந்து சிப்பாய்களைப் பேசச் சொல்லி, பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். விடுதலைப் பிரச்சாரமும் மானிடவியல் ஆராய்ச்சியும் ஒரே வேலிக்குள். கிழக்கு பற்றிய மேற்கத்தியச் சொல்லாடல் என்று நாம் நூல்களில் படிக்கிறோமே, அதன் நடைமுறை இப்படித்தான் இருந்தது. கைதியாகப் பிடித்துவைத்த சிப்பாயிடம் விடுதலை பற்றிப் பேசப் போன இந்தியர்கள் என்ன மொழியில் பேசியிருப்பார்கள், அந்த ஜாட், கூர்க்கா, பஞ்சாபிச் சிப்பாய்கள் இந்த ஐரோப்பியக் கோட்டுக்காரர்களை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப்பார்க்கலாம்.

இனி காபூல்.

1915-இல் ஒரு ஜெர்மன், துருக்கிக் குழு பாரசீகப் பாலைவனத்தைக் கடந்து அக்டோபரில் காபூல் போய்ச்சேர்ந்தது. ஜெர்மனியிலிருந்து ஹென்டிக் என்ற ராஜதந்திரியும் நீடர்மயர் என்ற ராணுவ அதிகாரியும். இந்தியர்களில் ஹாத்ரஸ் அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜா மகேந்திர பிரதாப்பும் போபாலில் பிறந்த மௌலானா பர்கத்துல்லாவும். ஆப்கன் அமீர் ஹபீபுல்லாவைப் போரில் இழுத்துவிட்டு வடமேற்கிலிருந்து பிரிட்டிஷ் இந்தியாவைத் தாக்குவது திட்டம். அந்த இழுபறிக்கு நடுவில்தான் டிசம்பர் 1 அன்று தற்காலிக அரசாங்கம் அறிவிக்கப்பட்டது. மகேந்திர பிரதாப் ஜனாதிபதி. அன்று அவருக்கு 29-ஆவது பிறந்த நாளும்கூட. பர்கத்துல்லா பிரதமர். சீக்கியக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்துக்கு மாறி, தேவ்பந்தில் படித்த உபைதுல்லா சிந்தி உள்துறை. மௌலவி பஷீர் போர்த்துறை. செண்பகராமன் பிள்ளை வெளியுறவு.

பட்டியலை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். விருந்தாவனத்தில் தன் சொத்தைப் போட்டுப் பள்ளி நடத்திய ஒரு ஜாட் ராஜா, மூன்று மௌலவிகள், ஒரு சைவ வேளாளப் பிள்ளை. இந்தியா என்ற கற்பனைக்கு அன்று இப்படியொரு அமைச்சரவை சாத்தியமாயிருந்தது. எவர் இந்தியர், எவர் அந்நியர் என்று கணக்கெடுக்கிற காலத்தில் நாம் இருக்கிறோம். ஜிகாத் என்ற சொல்லும் சுதந்திர இந்தியா என்ற சொல்லும் ஒரே மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதிய அந்த நாட்களை எந்தத் தரப்பு வரலாறும் சௌகரியமாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஐந்தாவது அமைச்சர் அந்த மேசையில் இல்லை. காபூல் போன குழுவில் அவர் பெயர் கிடையாது. அவர் இருப்பிடம் பெர்லின். இரண்டு ஊர்களுக்கும் நடுவே போர்க்களங்கள், பிரிட்டிஷ், ரஷ்யக் காவல் வளையங்கள். தகவல் போய்வருவதே பெரும்பாடு. அரசாங்கத்தின் நிஜமான வெளியுறவு வேலையைக் காபூலில் இருந்தவர்களே பார்த்தார்கள். ரஷ்யச் சக்கரவர்த்திக்குத் தங்கத் தகட்டில் ஒரு கடிதம் பொறித்து அனுப்பினார்கள். பிரிட்டனோடு கூட்டு வைத்திருந்த ஜாருக்கு! துருக்கிக்கும் ஜப்பானுக்கும் அனுப்பிய தூதர்கள் பிடிபட்டு பிரிட்டிஷார் கையில் போய்ச் சேர்ந்தார்கள். 1916-இல் உபைதுல்லா மஞ்சள் பட்டுத்துணியில் எழுதி அனுப்பிய கடிதங்களும் பஞ்சாபில் சிக்கின. பட்டுக் கடிதச் சதி என்று அதற்குப் பெயர் வந்தது. அமீரோ இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார். 1916 ஜனவரியில் ஜெர்மனியோடு ஒரு நட்பு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அதில் அவர் கேட்டது ஒரு லட்சம் துப்பாக்கிகளும் ஒரு கோடி பவுனும். வராது என்று தெரிந்தே கேட்ட விலை. பிரிட்டிஷ் மானியம் இன்னொரு பக்கம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எங்க அப்பத்தா பார்த்திருந்தால் எம்டன் பட்டத்தை அமீருக்குத்தான் கொடுத்திருப்பார். அந்த மே மாதம் ஜெர்மானியர்கள் காபூலை விட்டுக் கிளம்பினார்கள்.

அப்படியானால் வெளியுறவு அமைச்சர் என்றால் என்ன? ஓர் அரசுக்கு உள்ளே, வெளியே என்ற கோடு இருந்தால்தான் வெளியுறவு. இந்த அரசுக்கு உள்ளேயே கிடையாது. மண் இல்லை, குடிகள் இல்லை, வரி இல்லை. இருந்ததெல்லாம் வெளியே மட்டும்தான். அந்தப் பார்வையில் அதன் முழு இயக்கமும் வெளியுறவுதான். உள்துறையும் போர்த்துறையும் பெயரளவு. நான் இருக்கிறேன் என்று பிறத்தியாரிடம் சொல்வது ஒன்றுதான் அதன் தொழில். அப்படிப் பார்த்தால், எதிரி நாட்டுத் தலைநகரமான பெர்லினில் உட்கார்ந்து துண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தவர் தன் இலாகாவின் உள்ளேதான் இருந்தார். காபூல்தான் அந்த அரசுக்கு வெளிநாடு, பெர்லினும் வெளிநாடு. எங்கே இருந்தாலும் அமைச்சர் தன் அலுவலகத்தில்தான் இருந்தார். இதில் கேலி கொஞ்சம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கேலி மட்டும் இல்லை. அங்கீகாரம் என்பது பேச்சால் உண்டாக்கப்படுவது; துப்பாக்கி அதற்குப் பின்னால் வருவது. இதைக் காலனியப்பட்டவர்களில் முதலில் புரிந்துகொண்ட சிலரில் இந்த ஐந்து பேரும் உண்டு.

இந்தப் பதவியின் பின்கதை கவனிக்கத்தக்கது. 1943 அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தபோது வெளியுறவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். மலேயா ரப்பர் தோட்டங்களில் நம் பக்கத்து மதுரை, ராமநாதபுரம் ஜனங்கள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த அரசு அது. அதற்கு ஜப்பான், ஜெர்மனி உட்பட அச்சு அணி நாடுகளின் அங்கீகாரம் இருந்தது. மண் என்று சொல்லிக்கொள்ள அந்தமான் பெயரளவில் இருந்தது. 1946 செப்டம்பர் 2-இல் டெல்லியில் இடைக்கால அரசு வந்தபோது வெளியுறவு நேருவிடம். தற்காலிகம், இடைக்காலம் என்ற இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு வேறுபாடு உண்டு. இடைக்காலம் என்பது அதிகாரம் கைமாறப் போகிறது என்பது உறுதியான பிறகு சொல்வது. தற்காலிகம் என்பது நம்பிக்கையில் மட்டும் நிற்பது. போஸும் நேருவும் அவரவர் அரசின் தலைமையிடமே அந்த இலாகா இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். 1915-இல் மட்டும்தான் அது கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்த ஒருவருக்குப் போனது. ஒருவேளை அதை அவர்கள் அவ்வளவு முக்கியமாக நினைக்கவில்லையோ? அல்லது பெர்லின் கமிட்டிக்கு ஓர் இடம் கொடுத்தாக வேண்டும் என்ற கணக்கோ? எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. அமைச்சரவை என்பதே கூட்டணிக் கணக்குதானே.

1918 நவம்பரில் ஜெர்மனி தோற்றது. கமிட்டி கலைந்தது. இங்கேதான் பாதைகள் பிரிகின்றன. சட்டோபாத்யாயா இடதுபக்கம் போய், கடைசியில் ஸ்டாலினுடைய மாஸ்கோவில் 1937-இல் சுடப்பட்டார். மகேந்திர பிரதாப் 1919-இல் லெனினைப் பார்த்தார். சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அமைத்தவர்களில் ஒருவராகி, பிறகு அதையும் விட்டு அராஜகவாதியாகி, 1954-இல் பம்பாயில் வறுமையில் செத்தார். செண்பகராமன் ஜெர்மனியிலேயே தங்கினார். அவர் போன திசை வலது. ஜெர்மன் தேசிய மக்கள் கட்சியில், அந்தப் பழமைவாத, முடியாட்சி ஆதரவுக் கட்சியில், வெள்ளையர் அல்லாத ஒரே உறுப்பினர் அவர் என்று வாழ்க்கைக் குறிப்புகள் பெருமையோடு சொல்கின்றன. அந்தப் பெருமையை நான் பகிர்ந்துகொள்ள முடியாது. 1933 ஜனவரியில் ஹிட்லரை ஆட்சிக்குக் கொண்டுவந்த கூட்டணியில் நின்ற கட்சி அது.

நம் பத்திரிகைகள் இந்த இடத்தில் தாண்டிக் குதித்து, ஹிட்லரையே மன்னிப்புக் கேட்கவைத்த மாவீரர் என்று நேரே போய்விடும். இந்தியர்களை இழிவாகப் பேசியதற்கு அவர் எதிர்ப்புத் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்டு எழுதச் செய்தார், அதற்குப் பழியாக நாஜிகள் அவரைத் தாக்கினார்கள், சொத்தைப் பிடுங்கினார்கள் என்பது அவர் மனைவி வழியாக வந்த கதை. ஹிட்லரின் இந்தியப் பார்வை என்ன என்பதற்கு 'மைன் காம்ப்' போதும். வேறு எவர் ஆள்வதையும்விட இங்கிலாந்தின் கீழ் இந்தியா இருப்பதே மேல் என்று அதில் எழுதிவைத்திருக்கிறான். அது வெளியானது 1925-இல். இருபது வருஷமாகப் பெர்லினில் இருந்த, ஜெர்மன் தெரிந்த ஒருவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. எதிரிக்கு எதிரி நண்பன் என்ற சூத்திரத்தை 1914-இல் ஒருவர் நம்பினால் புரிந்துகொள்ளலாம். 1930-களில் அந்த நண்பன் முகம் மாறியபோது அவருக்குப் போக்கிடம் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் திரும்பினால் சிறை. இருக்கும் இடத்தில் தோல் நிறம் குற்றம். மன்னிப்புக் கடிதம் வந்ததோ வரவில்லையோ, இந்த இக்கட்டு நிஜம். 1942 மே மாதம் போஸ் ஹிட்லரைச் சந்தித்தபோது அதே புத்தகத்தின் அதே வரிகளைப் பற்றித்தான் பேச்செடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் செண்பகராமன் இறந்து எட்டு வருஷம்.

ஈழத்துக்குப் பிறகு, நாடுகடந்த அரசாங்கம் என்ற சொல் தமிழில் 2010-இல் புழக்கத்துக்கு வந்த பிறகு, இதெல்லாம் பழங்கதை இல்லை. அந்நிய மண்ணில் அந்நியப் பரிவில் இயங்கும் அரசியலுக்கு என்ன விலை என்று நம் கூட்டங்களில் நள்ளிரவு தாண்டியும் சண்டை போட்டிருக்கிறோம். அந்தச் சண்டைகளில் ஒருமுறைகூட செண்பகராமன் பெயர் வந்ததில்லை. வந்தால் எம்டனோடு வருவார், கைதட்டிவிட்டுப் போய்விடுவோம்.

1934 மே 26, பெர்லின். வயது 42. மெல்லக் கொல்லும் நஞ்சு கொடுத்துவிட்டார்கள் என்பது லட்சுமிபாயின் உறுதியான நம்பிக்கை.

லட்சுமிபாய் மணிப்பூர்க்காரர். 1931-இல் பெர்லினில் கல்யாணம். மூன்றே வருஷ வாழ்க்கை. அதற்குப் பிறகு அவர் செய்தது ஒன்றுதான், காத்துவைத்தது. கணவரின் அஸ்தியையும் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு பம்பாய் வந்தார். கரமனை ஆற்றில் தாயின் சாம்பல் கரைந்த இடத்தில் கொஞ்சமும் மிச்சத்தை நாஞ்சில் நாட்டு வயல்களிலும் சேர்க்க வேண்டும் என்பது அவர் கடைசி ஆசை. அதுவும் சுதந்திர இந்தியாவின் கொடி பறக்கும் கப்பலில் கொண்டுபோக வேண்டும் என்பது. சுதந்திரம் 1947-இல் வந்தது. நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கரமனை ஆறு கேரளத்தில் நின்றுவிட்டது. ஆசையே இரண்டு மாநிலமாகப் பிரிந்துபோனது. லட்சுமிபாய் பம்பாய் வீட்டில் சாம்பலோடு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். தேசத்தின் ஆவணக் காப்பகம் என்று நாம் சொல்வது பல சமயம் இப்படி வசதியற்ற ஒரு பெண்ணின் ட்ரங்குப் பெட்டிதான். அவரைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் வரவேண்டும், வரவில்லை. வந்திருக்கிற பிரசுரங்களில் அவர் 'மனைவி லட்சுமிபாய்' என்று ஒரு வரி.

மற்றவர்களுக்குக் கிடைத்ததையும் பார்த்துவிடலாம். பிரதமர் பர்கத்துல்லா 1927-இல் சான்பிரான்சிஸ்கோவில் இறந்தார். போபால் பல்கலைக்கழகம் 1988-இல் அவர் பெயரைத் தாங்கியது. ஜனாதிபதி மகேந்திர பிரதாப் 1946-இல் திரும்பி வந்து, 1957-இல் மதுராவில் சுயேச்சையாக நின்று மக்களவைக்குப் போனார். அந்தத் தேர்தலில் தோற்றவர்களில் வாஜ்பாயும் ஒருவர். அப்படியிருந்தும் 2021-இல் அலிகரில் அவர் பெயரால் பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் நாட்டியது வாஜ்பாயின் கட்சி அரசுதான். ஜாட் ஓட்டு என்றார்கள். நம் வெளியுறவு அமைச்சருக்கு 2008-இல் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் சிலை கிடைத்தது. அஹிம்சையின் மண்டபத்தில் ஜெர்மன் உதவியோடு படைதிரட்டப் பார்த்தவர்! பிறந்தநாளுக்குச் சாதிச் சங்கத்தார் மாலை போடுகிறார்கள். 'பிள்ளை'யை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். 'ஜெய்ஹிந்த்' முழக்கம் யாருடையது என்று ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அபித் ஹசன் பெயரும் அதில் உண்டு. எம்டனைத் தேசபக்தர்கள் வைத்துக்கொண்டார்கள். காபூலை மட்டும் எவரும் கேட்கவில்லை. அதில் மௌலவிகள் கூட இருக்கிறார்கள், வலதுக்கு ஆகாது. அதன் பின்னால் ஜெர்மன் பணமும் பிறகு வலதுசாரிக் கட்சியும் இருக்கிறது, இடதுக்கு ஆகாது. மண்ணோ மொழியோ அதில் இல்லை, தமிழ்த் தேசியத்துக்கு ஆகாது.

டீக்கடைத் தோழரிடம் இதையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அந்தம்மாவுக்கு யாரு சோறு போட்டது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

1966 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். டெல்லி அந்த அஸ்தியைப் பம்பாயிலிருந்து கொச்சிக்குக் கொண்டுபோனது. கொடி பறக்கும் போர்க்கப்பல், கேட்டபடியே. அந்தக் கப்பலின் பழைய பெயர் அக்கிலீஸ். பிரிட்டனில் கட்டப்பட்டு, 1939 டிசம்பரில் நியூசிலாந்து மாலுமிகளோடு தென் அட்லாண்டிக்கில் ஜெர்மன் போர்க்கப்பலான கிராஃப் ஸ்பேயை மறித்து அடித்த மூன்று கப்பல்களில் ஒன்று. 1948-இல் இந்தியா அதை விலைக்கு வாங்கிப் பெயர் மாற்றியது. செண்பகராமன் கடைசியில் ஏறிய போர்க்கப்பல் அதுதான். லட்சுமிபாய் அதற்கப்புறம் ஆறு வருஷம் பம்பாயில் இருந்து, 1972-இல் இறந்தார்.